போர்ச்சுகலின் சிவப்பு ஒயின்கள்: நான்கு வட்டாரங்களை ஒரே மேசையில் ஒப்பிடலாமா?

நெய்தல்:

எங்கள் சிறு வட்டத்தில் போர்ச்சுகலின் சிவப்பு ஒயின்களை மட்டும் வைத்து மீண்டும் ஓர் ஒப்பீட்டுச் சுவைப்பு நடத்தவிருக்கிறோம். பிராந்தி கலந்த போர்ட் ஒயின் இதில் சேராது. உணவோடு அருந்தும் மேசை ஒயின்கள் மட்டுமே. சென்ற முறை டோரு, டாவ், பைராடா, அலென்டேஜு ஆகிய நான்கு வட்டாரங்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே விலையில் ஒவ்வொரு புட்டி வாங்கி, துணி சுற்றி மறைத்து, வரிசையாக ஊற்றி மதிப்பெண் போட்டோம். அலென்டேஜு எளிதாக முதலிடம் பெற்றது. பைராடாவுக்கு ஒருவர்கூட நல்ல மதிப்பெண் தரவில்லை. "ஈறு கூசுகிறது" என்பதுதான் பொதுவான கருத்து. ஆனால் புட்டியில் மீந்திருந்ததை மறுநாள் மாலை கொழுப்புள்ள இறைச்சியோடு அருந்தியபோது, அதே பைராடாவின் துவர்ப்பு வெகுவாக இளகியிருந்தது. காய்ந்த செர்ரியும் புகையிலையும் கலந்த ஒரு மணம் மேலெழுந்து வந்தது. முதலிடம் பெற்ற அலென்டேஜு அதற்குள் மணம் மங்கிப் போயிருந்தது.

ஆகவே எனக்குள்ள கேள்வி இதுதான்: நாம் பின்பற்றும் முறை ஒயினை மதிப்பிடுகிறதா, அல்லது முதல் மடக்கை மட்டும் மதிப்பிடுகிறதா? இந்த நான்கையும் ஒரே வரிசையில் வைப்பதே பொருத்தமற்றதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஓடம்:

நெய்தல் ஐயா, சுவைத்தவர்கள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக முறையின் மேல் பழி போடுவது சரியாகப் படவில்லை. இன்று மாலை திறந்து இன்று மாலையே அருந்துகிறவனுக்கு, நாளை நன்றாக இருக்கப்போகும் ஒயினால் என்ன பயன்?

அலென்டேஜுவின் மென்மையை ஏதோ மலிவான கவர்ச்சி போலப் பேசுவதையும் நான் ஏற்கவில்லை. டேகஸ் ஆற்றுக்குத் தெற்கே, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக விரிந்து கிடக்கும் சமவெளி அது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதும் மழை அரிதாக இருப்பதும் அங்கே வழக்கம். எனவே திராட்சை முழுதாகப் பழுக்கிறது. துவர்ப்பு தோலிலேயே கனிந்துவிடுகிறது. அரகோனெஷ், டிரின்காடெய்ரா ஆகிய இரண்டு திராட்சை ரகங்களும் பழச்சுவையைத் தர, அலிகான்டெ புஷே நிறத்தையும் முதுகெலும்பையும் தருகிறது. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சதை வெளிறியிருக்கும். அலிகான்டெ புஷேயை நறுக்கினால் சதையே சிவப்பாக இருக்கும். பிரான்சில் உருவாக்கப்பட்ட இந்த ரகத்தை அந்த நாட்டினர் நிறம் கூட்டும் மலிவுச் சரக்காகவே நடத்தினார்கள். அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தது அலென்டேஜுதான். இருபது ஆண்டுகள் தாங்கும் ஒயின்கள் அதிலிருந்து அங்கே வருகின்றன. மறுநாள் மங்கிவிட்டது என்றால், அது அந்த விலையில் நீங்கள் வாங்கிய புட்டியின் குறையே தவிர வட்டாரத்தின் குறை அல்ல.

செங்காந்தள்:

ஓடம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அலென்டேஜு எளிய ஒயின் என்ற எண்ணம் தவறுதான். ஆனால் நெய்தல் கேட்பது அதைப் பற்றியல்ல. நான்கு வட்டாரங்களையும் ஒரே வரிசையில் வைக்கும்போது மண், உயரம், திராட்சை ரகம், செய்முறை, வயது ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்று பிடித்தது, மற்றது பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அந்த வரிசை எதையும் கற்றுத் தராது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு ஒயின்களுக்கு இடையே ஏதாவது ஒன்று பொதுவாக இருக்க வேண்டும்.

இதற்கு மிகப் பொருத்தமான இணை டோருவும் டாவும். இரண்டிலும் டூரிகா நாசியோனால் முதன்மை ரகம்; இரண்டும் உள்நாட்டுப் பகுதிகள்; ஆனால் நிலம் முற்றிலும் வேறு. டோருவில் பலகை பலகையாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறைச் சரிவுகள். வேர் அந்தப் பிளவுகளுக்குள் நீர் தேடி ஆழமாக இறங்குகிறது. பாறை பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தருகிறது. மராவ் மலைத்தொடர் அட்லாண்டிக்கின் ஈரத்தை மேற்கிலேயே தடுத்துவிடுவதால், ஸ்பெயின் எல்லையை நெருங்க நெருங்க வறட்சி கூடுகிறது. டாவில் கருங்கல் சிதைந்த மணல் மண், சுற்றிலும் மலைகள், பைன் காடுகள்; தோட்டங்கள் பெரும்பாலும் 400 முதல் 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, சில அதற்கும் மேலே. செர்ரா டா எஷ்ட்ரேலா மலையடிவாரத்தில் செப்டம்பர் இரவுகள் நன்றாகவே குளிரும். அந்தக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது.

கிண்ணத்தில் இது எப்படித் தெரியும் என்றால், டோருவின் டூரிகா கருநிறமாக, கரும்பழங்களோடு, சற்றே சூடேறிய கல்லின் மணத்தோடு வாயை நிறைக்கும். அதே ரகம் டாவில் ஊதாப்பூ மணத்தையும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு நறுமணத்தையும் முன்னே நிறுத்தும். கனம் குறைந்து நீளம் கூடும். இவ்விரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்த ஒருவருக்கு நிலம் என்பது என்ன செய்கிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: டோருவில் தனி ரக ஒயின் என்பது அண்மைக்கால வழக்கம். பழந்தோட்டங்களில் டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஷ், டின்டா பர்ரோக்கா என்று பல பத்து ரகங்கள் கலந்து நிற்கும். ஒன்றாகப் பறித்து ஒன்றாகவே நொதிக்க விடுவார்கள். டின்டா ரோரிஷும் ஓடம் குறிப்பிட்ட அரகோனெஷும் ஒரே ரகம்தான். ஸ்பெயினில் அது டெம்ப்ரானில்யோ. பல பெயர்களைப் பார்த்துப் பல ரகங்கள் என்று கணக்கிட்டுவிடக் கூடாது.

தும்பை:

அக்கா, இரண்டு எளிய கேள்விகள். விலை ஒன்றாக இருந்தால் ஒப்பீடு நியாயமானது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்; அது சரியில்லையா? இன்னொன்று, கடையில் ரெசெர்வா, கர்ரஃபெய்ரா என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அவற்றை நம்பி வாங்கலாமா?

செங்காந்தள்:

தும்பை, ஒரே விலை என்பது போர்ச்சுகலைப் பொறுத்தவரை ஒரே மட்டம் ஆகாது. டோருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1756-இல் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆணையால் எல்லை வகுக்கப்பட்ட பகுதி அது. எல்லை போர்ட்டுக்காக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தோட்டத்துண்டும் மண், உயரம், சரிவு, ரகம், கொடியின் வயது என்று பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக்கலாம் என்ற ஒதுக்கீடு அந்தத் தரத்தின்படிதான் கிடைக்கும். இந்த ஒதுக்கீட்டை பெனெஃபீசியு என்கிறார்கள். ஒதுக்கீட்டுக்குள் வரும் திராட்சைக்கு நல்ல விலை உண்டு. அதே கொடியில் காய்த்த மிச்சம் மேசை ஒயினுக்குப் போகும்போது விலை சரிந்துவிடுகிறது, சில நேரங்களில் சாகுபடிச் செலவுக்குக்கூடக் கட்டாத அளவுக்கு. டிராக்டர் ஏற முடியாத படிக்கட்டுச் சரிவில் கையால் பறித்த திராட்சையில் செய்த டோரு ஒயின் சமவெளி ஒயினின் விலைக்கே கிடைக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை யாரோ ஒரு விவசாயி தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். குடிக்கிற நமக்கு அது ஆதாயம். ஆனால் விலையை அளவுகோலாக வைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

டாவின் கதை வேறு. சர்வாதிகாரி சலசாரின் ஆட்சிக் காலத்தில் கூட்டுறவு ஆலைகளைத் தவிர வேறு யாரும் உழவரிடமிருந்து திராட்சை வாங்க முடியாத நிலை இருந்தது. தனியார் நிறுவனங்கள் ஆலை தந்த ஒயினை வாங்கித் தம் பெயரில் அடைத்துக்கொண்டன. பழமற்று, வறண்டு, மரக்கட்டை போலிருந்த பழைய டாவ் பற்றிய கெட்ட பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1986-இல் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகே அந்த முற்றுரிமை விலகியது. வட்டாரம் மீண்டும் தலையெடுத்தும் சந்தையில் பழைய பெயர் முழுதாக மறையவில்லை. அதனால் நல்ல டாவ் இன்னும் தகுதிக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

லேபிள் பற்றி: கர்ரஃபெய்ரா என்பதற்குச் சட்டப் பொருள் உண்டு. சிவப்பு ஒயின் என்றால் குறைந்தது 30 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் 12 மாதம் புட்டியில். ரெசெர்வா என்பது அந்த வட்டாரத்தின் குறைந்தபட்ச அளவைவிட ஆல்கஹால் சற்றுக் கூடுதலாக இருப்பதையும் சுவைப்புக் குழுவில் தேறியதையும் காட்டுகிறது. அதற்கு மேல் அதில் பெரிதாக எதையும் தேட வேண்டாம். பைராடா வாங்கும்போது மட்டும் கிளாசிகோ என்ற சொல்லைப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் இப்போது கபெர்னே, மெர்லோ, சிரா ஆகிய பிரெஞ்சு ரகங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. கிளாசிகோ என்றால் பாதிக்குக் குறையாமல் பாகா என்ற மரபான உள்ளூர் ரகம் இருக்க வேண்டும்.

கடம்பு:

பாகாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். பைராடாவை ஒட்டியுள்ள கோயிம்ப்ராவில் சில காலம் படித்தவன் என்ற முறையில், நெய்தலின் வட்டத்தினர் கொடுத்த மதிப்பெண் எனக்கு வியப்பளிக்கவில்லை. அங்குள்ளவர்களே இளம் பாகாவைத் தனியாக அருந்துவதில்லை.

பாகா சிறு மணிகளாகக் காய்ப்பது, தடித்த தோலுடையது, மிகத் தாமதமாகப் பழுப்பது. சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்போது துவர்ப்பும் கூடும் என்பது வெளிப்படை. இதற்கு மேல் பைராடா கடலோரம். செப்டம்பர் இறுதியில் அட்லாண்டிக் மழை வந்து இறங்கும். மழைக்கு அஞ்சி முன்னதாகப் பறித்தால் பச்சைத் துவர்ப்பு, பொறுத்திருந்தால் அழுகல். பழைய நாட்களில் காம்போடு சேர்த்தே நொதிக்க வைத்ததால் அந்தக் காம்பின் கசப்பும் சேர்ந்துகொண்டது. 1980-களில் லுயிஷ் பாட்டு போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் காம்பை நீக்கிவிட்டு நொதிக்க வைக்கத் தொடங்கினார்கள். அவர் கையாண்ட இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஆகஸ்டு இறுதியில் கொடியின் ஒரு பகுதிக் குலைகளை முன்னதாகப் பறித்து நுரை ஒயினாக்கிவிடுவார், சுமை குறைந்த கொடி எஞ்சிய குலைகளை மழைக்கு முன்பே பழுக்க வைத்துவிடும். கழித்துக் கட்ட வேண்டிய பச்சைக் காயும் வீணாகவில்லை.

பைராடாவிலுள்ள மெயாலாடா ஊர்ச் சாலையின் இருபுறமும் பால்குடிப் பன்றிக்குட்டியை வாட்டித் தரும் உணவகங்கள் வரிசையாக இருக்கும். மிளகும் பூண்டும் பன்றிக்கொழுப்பும் அரைத்த விழுதை உள்ளே தடவி, விறகு அடுப்பில், தோல் கண்ணாடி போல் நொறுங்கும்வரை வாட்டுவார்கள். அந்தத் தோலை ஒரு வாய் மென்றுவிட்டு ஐந்தாறு ஆண்டு முதிர்ந்த பாகாவை ஒரு மடக்குக் குடித்தால், நாக்கில் படிந்த கொழுப்பைத் துவர்ப்பு துடைத்தெடுத்துவிடும். அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடும். வெறும் ரொட்டித் துண்டோடு மதிப்பெண் போடுகிற மேசையில் இந்த ஒயினுக்கு வேலையே இல்லை.

ஓடம்:

கடம்பு எழுதியது சுவையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதன்படி பார்த்தால் பைராடாவுக்குப் பன்றிக்குட்டியும் ஐந்து ஆண்டும் ஒரு நாள் காற்றும் சலுகையாகத் தரப்படுகின்றன, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. அலென்டேஜுவுக்கும் அதன் சொந்தச் சாப்பாடான கொத்தமல்லி போட்ட பன்றிக்கறியையும் சிப்பியையும் வைத்தால்தானே நியாயம்?

கடம்பு:

வையுங்கள், யார் தடுத்தது? நான் கேட்பது சலுகையல்ல. மேசை ஒயின் என்று பெயர் வைத்துவிட்டு மேசையில் உணவே இல்லாமல் தேர்வு வைத்தால், முதலில் தேறுவது எப்போதும் பழச்சுவை மிகுந்த, புளிப்புக் குறைந்த ஒயின்தான். அது அலென்டேஜுவின் குற்றமும் அல்ல, பாகாவின் குற்றமும் அல்ல.

செங்காந்தள்:

இருவருக்கும் இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் மடக்கு எப்போதுமே பொய் சொல்லும் என்றும் கொள்ள வேண்டாம். டாவ் ஒயின் முதல் மடக்கிலேயே தன்னைக் காட்டிவிடும். உணவின்றி ஒரு சுற்று, உணவோடு ஒரு சுற்று என்று இரு முறை மதிப்பெண் போட்டு, இரண்டையும் கூட்டாமல் தனித்தனியாக வைத்துக்கொள்வதே என் வழக்கம். எந்த ஒயினின் மதிப்பெண் இரண்டு சுற்றுக்கும் இடையே அதிகம் மாறுகிறது என்பதைப் பார்ப்பதில்தான் உண்மையான தகவல் இருக்கிறது.

வெப்பநிலையையும் யாரும் குறிப்பிடவில்லை. 28 டிகிரி அறையில் வைத்திருந்த அலென்டேஜு ஆல்கஹால் நெடியோடுதான் கிண்ணத்துக்கு வரும். பரிமாறும்போது 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும், அதாவது முன்னதாகவே குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்வித்திருக்க வேண்டும். டாவை இன்னும் ஒரு டிகிரி குறைத்துத் தந்தாலும் தவறில்லை. இளம் பாகாவை அதிகம் குளிரவைத்தால் துவர்ப்பு இன்னும் இறுகும். சென்ற முறை நான்கையும் ஒரே வெப்பநிலையில் ஊற்றினீர்களா, நெய்தல்?

நெய்தல்:

நான்கும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில்தான் இருந்தன; ஊற்றும்போது எல்லாம் ஒரே குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரு சுற்று யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. வட்டத்தில் ஒருவர் பார்கா வெல்யா என்ற விலையுயர்ந்த டோரு ஒயினில் ஒரு புட்டி சேர்க்கலாமே என்கிறார். அதை இந்த வரிசையில் எங்கே வைப்பது?

செங்காந்தள்:

வைக்கவே வேண்டாம் என்பேன். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. டோருவில் உயர்தர மேசை ஒயின் செய்ய முடியும் என்று காட்டிய முதல் பெரும் முயற்சி அது. ஃபெர்ரெய்ரா நிறுவனத்தின் ஃபெர்னாண்டு நிக்கோலாவ் டி அல்மெய்டா 1952 அறுவடையில் தொடங்கினார். தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. நொதித்தல் சூடேறிக் கெட்டுவிடாமல் இருக்க, மத்தோசின்யுஷ் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியை லாரியில் ஏற்றி, மேற்குக் கடற்கரையிலிருந்து டோரு வட்டாரத்தின் கிழக்குப் பகுதிவரை கொண்டுவந்தார்கள். அதை வெளியிடுவதா என்ற முடிவை இன்றும் பல ஆண்டுகள் புட்டியில் வைத்துப் பார்த்தே எடுக்கிறார்கள். 2011 அறுவடை 2020-இல்தான் சந்தைக்கு வந்தது. தகுதி போதவில்லை என்று கருதினால் ரெசெர்வா எஷ்பெசியால் என்ற பெயரில் விற்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒன்றை மேசையில் வைத்தால் எல்லாக் கண்களும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்; எவ்வளவு துணி சுற்றினாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பழைய பைராடா கர்ரஃபெய்ரா வாங்குங்கள். மீதிக்கு ஒரு கொலாரிஷ் கிடைத்தால் வாங்குங்கள், போட்டிக்கல்ல, முடிவில் அருந்துவதற்கு. லிஸ்பனுக்கு மேற்கே கடலோர மணலில் வளரும் ராமிஷ்கு ரகத் திராட்சையில் செய்யும் ஒயின் அது. கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்ஸரா பூச்சி மணலில் வாழ முடியாது என்பதால், ஐரோப்பா முழுதும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய பிறகும் அங்கே கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. மணலைத் தோண்டி அடியிலுள்ள களிமண்ணில் நடும்போது, மணல் சரிந்து மூடினாலும் மூச்சுவிட முடியட்டும் என்று ஆட்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு குழியில் இறங்கினார்கள் என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். வீடுகள் பெருகித் தோட்டங்கள் சுருங்கிவிட்டன, கிடைப்பது அரிது.

தும்பை:

ஏதேனும் ஒரு புட்டி கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? அண்மையில் நான் வாங்கிய ஒரு டாவ், நனைந்த அட்டைப்பெட்டி போல நாறியது. இதுதான் இந்த ரகத்தின் மணம் போலும் என்று குடித்துத் தீர்த்தேன்.

கடம்பு:

அது ரகத்தின் மணமல்ல, கார்க் கெட்டதன் மணம். கார்க்கிலுள்ள ஒருவகை வேதிப்பொருள் ஒயினில் இறங்கினால் பழமணம் அடங்கி ஈர அட்டை நெடி வரும். காற்றுப்பட வைத்தாலும் போகாது, நேரம் ஆக ஆக மிகும். உலகின் கார்க்கில் ஏறத்தாழ பாதியைத் தரும் நாடு போர்ச்சுகல் என்பதால் திருகு மூடிக்கு மாற அவர்களுக்கு அவ்வளவாக மனமில்லை. சுவைப்புக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு புட்டி வாங்குவது நல்லது. ஊற்றுவதற்கு முன் நடத்துபவர் மட்டும் ஒருமுறை முகர்ந்துவிட வேண்டும்.

நெய்தல்:

அனைவருக்கும் நன்றி. இப்போதைய திட்டம் இது. முதல் இணையாக, டூரிகா நாசியோனால் முதன்மையாகவுள்ள ஒரு டோருவும் ஒரு டாவும், ஒரே அறுவடை ஆண்டு. இரண்டாம் இணையாக, ஓர் இளம் பைராடா கிளாசிகோவும் ஒரு பழைய கர்ரஃபெய்ராவும். பாகா வயதில் எப்படி மாறுகிறது என்பது அதில் தெரியும். கடைசியில் அலென்டேஜு. ஒவ்வொன்றும் 50 மில்லிதான் ஊற்றப்படும். துப்புவதற்கு ஆளுக்கொரு கோப்பை இருக்கும்.

ஓடம்:

அலென்டேஜுவைக் கடைசியில் வைக்காதீர்கள் ஐயா. இரண்டு பாகாவுக்குப் பிறகு எதை ஊற்றினாலும் தேனாகத்தான் இருக்கும். மறுபடியும் அதற்கே முதலிடம் கிடைக்கும், மறுபடியும் நீங்கள் முறையைக் குறை சொல்வீர்கள். முதலிலேயே வையுங்கள். சமவெளிப் புட்டியாக இல்லாமல், செர்ரா டி சாவ் மமேட் மலைச்சரிவிலுள்ள போர்ட்டாலெக்ரே பகுதியிலிருந்து ஒன்றைத் தேடுங்கள். அங்கேயும் கருங்கல் மண்ணும் உயரமும் உண்டு. செங்காந்தள் சொன்ன டாவுக்கு அதுதான் சரியான எதிரி. புட்டியின் தோள் வடிவத்தைப் பார்த்தே சிலர் வட்டாரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், துணி சுற்றுவதைவிட எல்லாவற்றையும் ஒரேமாதிரியான வெற்றுப் புட்டிகளுக்கு மாற்றி எண் ஒட்டிவிடுவது மேல்.

நெய்தல்:

ஏற்கிறேன். போர்ட்டாலெக்ரே முதலில். பழைய கர்ரஃபெய்ராவை மட்டும் வேறு புட்டிக்கு மாற்றலாமா, வண்டல் கலங்கிவிடுமே?

செங்காந்தள்:

முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, வண்டலை அடியில் தங்க விட்டு, கழுத்துக்குக் கீழே விளக்கை வைத்துப் பார்த்தபடி மெதுவாக ஊற்றுங்கள். கலங்கல் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இளம் பாகாவை இரண்டு மணி நேரம் முன்பே மாற்றிவிடலாம். பழையதைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னதாக மாற்றினால் போதும்.